குறுக்கே பிடித்தால் நெடுக்கே எடுக்கும் கேமரா

ஃபியூஜிஃபிலிம் எக்ஸ் ஹாஃப் கேமராவை முதல்முறை கையில் வாங்கும் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். ஆள் படம் எடுக்கலாம் என்று எண்ணி அதைப் பக்கவாட்டில் திருப்புகிறார்கள். நெடுக்குப் படம் வேண்டுமென்றால் கேமராவைத் திருப்ப வேண்டும் என்று நம் கைகள் பழகிக் கிடக்கின்றன. இதைத் திருப்பினால் படம் படுத்துவிடும். சும்மா பிடித்தால்தான் நிற்கும். என் மனைவிக்கும் அலுவலக நண்பர்களுக்கும் இதே தடுமாற்றம். ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவில் என்னைப் பார்த்ததும் "ஒரு படம் நான் எடுத்துப் பார்க்கட்டுமா அண்ணே" என்று கேமராவை வாங்கும் தம்பிமாருக்கும் இதே தடுமாற்றம்தான்.

2025 ஜூன் இறுதியில் விற்பனைக்கு வந்த கேமரா இது. பெனின்சுலா பிளாசா பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். பேட்டரியும் கார்டும் சேர்த்து 240 கிராம். கழுத்தில் கிடப்பதே தெரியாது. இணையத்தில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு இது பழைய ஃபிலிம் காலத்தின் இனிப்பு. மறுகட்சிக்கு விலை அதிகமான பொம்மை. அறிமுகத்தின்போது அமெரிக்காவில் 850 டாலர் விலை வைத்து, கைப்பேசியைவிடச் சற்றே பெரிய சென்சரை, அதாவது ஒளியை வாங்கும் சில்லைத் தருகிறார்கள் என்று இரண்டாம் கட்சி கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு கட்சியும் பேசாத ஒன்றைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன். இந்தக் கேமராவின் விசித்திர குணங்கள் ஒவ்வொன்றும், எனக்கும் நான் படமெடுக்கும் மனிதருக்கும் நடுவில் வந்து நிற்கின்றன. சில குணங்கள் எங்களை நெருங்க வைக்கின்றன. சில தொந்தரவு செய்கின்றன.

முதலில் அந்த நெடுக்குச் சட்டம், அதாவது ஃபிரேம். ஹாஃப் என்ற பெயர் ஹாஃப் ஃபிரேம் ஃபிலிம் கேமராக்களிலிருந்து வந்தது. வழக்கமான 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படம் 36 × 24 மி.மீ. இடத்தை எடுக்கும். அதைப் பாதியாக வெட்டினால் 18 × 24. ஃபிலிம் கேமராவுக்குள் குறுக்கே ஓடுவதால் பாதியாக வெட்டிய சட்டம் தானாகவே நெடுக்காக நிற்கும். 36 படச் சுருளில் 72 படம் கிடைக்கும். 1959இல் ஒலிம்பஸ் வெளியிட்ட பென் கேமராதான் இந்த வகையை ஜப்பானில் வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. ஃபியூஜியும் 1963இல் ஃபியூஜிகா ஹாஃப் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. எக்ஸ் ஹாஃபில் ஃபிலிம் இல்லை. அதற்குப் பதிலாக ஓர் அங்குல வகை சென்சரையே நிமிர்த்தி வைத்துவிட்டார்கள். 3:4 அளவில், ஏறக்குறைய 18 மெகாபிக்சல். பின்பக்கத் திரையும் நெடுக்கு, கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு துளையும் நெடுக்கு.

சிங்கப்பூர் நெடுக்கான ஊர் என்பது இதைத் தூக்கிக்கொண்டு நடந்தபோதுதான் எனக்கு உறைத்தது. சிராங்கூன் சாலைக் கடைவீடுகள் அகலம் குறைந்து ஆழம் மிகுந்தவை. அஞ்சடி என்று நாங்கள் சொல்லும், கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையின் தூண்களுக்கு நடுவே ஓர் ஆள் நின்றால் சட்டம் நிறைந்துவிடும். வீரமாகாளியம்மன் கோயில் ராஜகோபுரத்தைச் சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து அப்படியே வாங்கிக்கொள்கிறது. வீவக எனப்படும் அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி புளோக்குகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். லென்ஸின் பார்வை 32 மி.மீ.க்கு நிகரானது. 1986இல் ஃபியூஜி அறிமுகப்படுத்திய, சுருள் முடிந்ததும் அப்படியே கழுவக் கொடுத்துவிடும் ஒருமுறைக் கேமராவின் வழியில் வந்த பார்வைதான் இது. ரொம்ப அகலமும் இல்லை, நெருக்கமும் இல்லை. ஒருவரோடு பேசும் தூரத்தில் நின்றால் இடுப்புவரை வருவார்.

இடிபடுவது கூட்டத்தில். ஞாயிறு மாலை ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கப் புல்வெளியில் ஊர்க்காரர்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். அறந்தாங்கிக்காரர்கள் ஒரு குழு, மன்னார்குடிக்காரர்கள் ஒரு குழு. எல்லோரையும் சேர்த்து எடுக்கச் சொன்னால் இந்தச் சட்டத்துக்குள் ஐந்து பேர்கூட வரிசையாக அடங்க மாட்டார்கள். கேமராவைத் திருப்பிப் பிடிக்கலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு குழுவில் இதைச் சொன்னபோது அவர்களே ஏற்பாடு செய்துகொண்டார்கள். உயரமானவர்கள் பின்னால் நின்றார்கள், அடுத்தவர்கள் முழங்காலிட்டார்கள், இளையவர்கள் சம்மணம் போட்டு முன்னால் உட்கார்ந்தார்கள். மூன்றடுக்கு. பக்கவாட்டில் நின்ற படம் என்றால் ஒருவர் தோளை ஒருவர் தொட்டிருப்பார், அவ்வளவுதான். இந்தப் படத்தில் பின்னால் நிற்பவரின் கை முன்னால் இருப்பவர் தலைமேல், தோள்மேல், கழுத்தைச் சுற்றி என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. நான் எடுத்த குழுப்படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அடுத்தது ஃபிலிம் கேமரா முறை. இதற்காகத்தான் இதை வாங்கினேன். முறையைத் தொடங்கும்போது 36, 54, 72 என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த எண்ணிக்கை முடியும்வரை பழைய ஃபிலிம்களின் நிறத்தைப் போலச் செய்யும் வண்ணப் பாணியை மாற்ற முடியாது, எடுத்த படத்தைப் பார்க்க முடியாது, திரையில் காட்சியும் வராது. ஆப்டிகல் வியூஃபைண்டர் என்ற அந்தச் சிறு துளையில் கண்ணை வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் மேலே இருக்கும் நெம்புகோலைக் கட்டைவிரலால் இழுக்க வேண்டும், இல்லையென்றால் ஷட்டர் அசையாது. சுருள் முடிந்த பிறகு கைப்பேசியில் இருக்கும் செயலிக்கு அனுப்பினால், படங்கள் அங்கே காண்டாக்ட் ஷீட்டாக, சுருள் முழுதும் ஒரே தாளில் சிறு சிறு படங்களாக, வரிசையாக வந்து உட்காரும்.

நம் மக்கள் படம் எடுத்த அடுத்த கணம் "காட்டுங்கள்" என்பார்கள். அது அவர்கள் உரிமை. தம்முடைய முகத்தை யாரோ ஒருவருக்குக் கொடுத்திருக்கிறார்கள், அது எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? டிஜிட்டல் கேமராவோடு நான் இருந்த இத்தனை ஆண்டுகளும் அந்தக் கணத்தில்தான் எல்லாம் முடிந்துபோகும். திரையைக் காட்டுவேன், அவர்கள் சிரிப்பார்கள், "நல்லா இருக்கு" என்பார்கள், நான் நகர்ந்துவிடுவேன். கணக்குத் தீர்ந்தது என்று இருவருக்கும் ஓர் எண்ணம்.

ஃபிலிம் முறையில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பஃபலோ ரோட்டில் மாலை கட்டும் அக்கா ஒருவரை எடுத்தேன். முன்பே கேட்டு, அவர் புடவைத் தலைப்பைச் சரிசெய்து முடிக்கக் காத்திருந்து எடுத்தேன். எடுத்ததும் கையை நீட்டினார். இதில் இப்போது பார்க்க முடியாது அக்கா, சுருள் முடிய வேண்டும், அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்றேன். நம்பாத முகம். பொய் சொல்லிவிட்டுப் போகும் கேமராக்காரர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். அடுத்த வாரம் அச்சுப்படத்தோடு போய் நின்றேன். அதை வாங்கிச் சாமி படத்துக்குக் கீழே, கல்லாப்பெட்டியின் உள்மூடியில் செருகி வைத்தார். அதன் பிறகு அந்தக் கடையில் நான் வாடிக்கைக்காரனும் இல்லை, சுற்றுலாப் பயணியும் இல்லை, தம்பி.

அச்சிடுவதற்கு வெளியே போக வேண்டியதில்லை. செயலியிலிருந்து நேரே, ஃபியூஜியின் உடனடிப் படத்தாளில் அச்சிடும் இன்ஸ்டாக்ஸ் லிங்க் என்ற சிறு பிரிண்டருக்கு அனுப்பலாம். இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. இன்ஸ்டாக்ஸ் மினி தாளில் படம் விழும் இடம் 62 × 46 மி.மீ. கிட்டத்தட்ட அதே 3:4. எதையும் வெட்டாமல், வியூஃபைண்டரில் நான் கட்டிய சட்டம் அப்படியே தாளில் இறங்குகிறது. பர்சில் அடங்கும் அளவு. விடுதி அறையில் பல பேரோடு இருக்கும் ஒரு தம்பிக்குச் சுவரில் மாட்டும் படம் எதற்கு? பர்சில் வைக்கும் படம்தான் அவனுக்கு வேண்டும்.

தேதி முத்திரையையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பழைய ஃபிலிம் படங்களில் இருப்பதுபோல் மூலையில் தேதி விழும்படி வைக்கலாம். படத்திலேயே பதிந்துவிடுவதால் பிறகு அழிக்க முடியாது. எனக்கு அது கண்ணை உறுத்தியது, அணைத்தே வைத்திருந்தேன். புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவன், கட்டுமான வேலை, தன் படத்தைப் பார்த்துவிட்டுத் தேதி போட முடியுமா என்று கேட்டான். ஊரில் மகள் இவன் படங்களை நோட்டில் ஒட்டி வைக்கிறாளாம். எது முன்னால் எடுத்தது, எது பின்னால் எடுத்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சுருள்களுக்குத் தேதி உண்டு.

வியூஃபைண்டரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது வெறும் கண்ணாடித் துளை. குவியம் எங்கே விழுந்தது, ஷட்டர் வேகம் என்ன, எதுவும் அதில் தெரியாது. துளை ஓரிடத்திலும் லென்ஸ் ஓரிடத்திலும் இருப்பதால், கிட்ட நிற்பவரை எடுக்கும்போது கண்ணுக்குத் தெரிவதும் படத்தில் விழுவதும் விலகும். ஒரு மீட்டருக்குள் நெருங்கினால் தலைக்கு மேலே கொஞ்சம் காலியிடம் விட்டே எடுங்கள். இல்லையென்றால் கொண்டை போய்விடும்.

இனி எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் குணம். இந்தக் கேமரா ரா கோப்பு, அதாவது பிறகு திருத்த இடம் தரும் பதப்படுத்தாத கோப்பு, எடுக்காது. ஜேபெக் மட்டும்தான். எடுத்தது எடுத்ததுதான். ஃபிலிம் உணர்வு வேண்டும் என்பதற்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள், அது தெரிந்தே வாங்கினேன். வெளிச்சமான முகங்களைக் குளிர்நாட்டுச் சாயங்கால ஒளியில் எடுக்கும் ஒருவருக்கு இது பெரிய விஷயமாக இருக்காது. நான் எடுப்பது வெயிலில் வேலை செய்து கறுத்த முகங்களை. அதுவும் அஞ்சடி நிழலில். இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒரு மணி வாக்கில். அந்த நேரத்தில் தூணுக்கு வெளியே தெரு வெள்ளையாகக் கொதிக்கும், தூணுக்கு உள்ளே நிற்பவர் இருட்டில் இருப்பார். கேமரா இரண்டையும் சராசரி பார்த்து ஓர் அளவை எடுத்துக்கொள்ளும். அந்தச் சராசரியில் தோற்பது எப்போதும் கறுத்த முகம்தான். கண்ணும் பல்லும் மட்டும் தெரியும் படங்களை நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேலிக்கு ஆளாகியே பார்த்திருக்கிறார்கள். அது முகத்தின் குற்றம் இல்லை, அளவின் குற்றம்.

ரா கோப்பு இருந்தால் வீட்டுக்கு வந்து நிழலின் வெளிச்சத்தைத் தூக்கி முகத்தை மீட்டுவிடலாம். ஜேபெக்கில் தூக்கினால் கன்னம் சேறு பூசியதுபோல் திட்டுத்திட்டாகிவிடும். ஆகவே முடிவை அந்த இடத்திலேயே எடுக்க வேண்டியிருக்கிறது. மேலே வலப்பக்கம் ஒரு சக்கரம் இருக்கிறது, வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ. நிழலில் நிற்கும் ஆளென்றால் அதை மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) கூட்டியே வைத்திருக்கிறேன். பின்னால் தெரு கடுமையாக இருந்தால் முழு ஸ்டாப். வெளியே இருக்கும் சாலை, டாக்ஸி, எதிர்க்கடைப் பலகை எல்லாம் வெளுத்துப் போகும். போகட்டும். முகத்தில் தோலின் நிறமும் நெற்றியின் விபூதியும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், அதுதான் எனக்கு முக்கியம். பின்னணி விவரம் நிறைந்து, முகம் கரியாகக் கிடக்கும் படத்தைக் கொண்டுபோய் ஒருவர் கையில் கொடுக்க என்னால் முடியாது.

வண்ணப் பாணிகள் 13 கொடுத்திருக்கிறார்கள். பலரும் கொண்டாடும் கிளாசிக் குரோம் எனக்கு ஆகவில்லை. மஞ்சளின் துள்ளலை அடக்கிவிடுகிறது. செவ்வந்தியும் மஞ்சள் பூசிய தாலிக்கயிறும் தூசு படிந்தவை போலாகிவிடுகின்றன. வெல்வியா அடர்த்தியானது, பழுப்புத் தோலைச் சிவப்பாக்கிவிடுகிறது. சாதுவான பிரோவியாதான் தோலுக்கும் பூவுக்கும் ஒருசேர நியாயம் செய்கிறது. கறுப்பு வெள்ளைக்கு ஆக்ரோஸ், அதிலும் சிவப்பு ஃபில்டர் வகை. அது நம் தோலைப் பளிச்சென்று ஏற்றிக் காட்டும். ஒரு சுருளுக்கு ஒரு பாணி என்பதால் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆக்ரோஸ் போட்டுக்கொண்டு போன நாளில் பூக்கடையைத் தாண்டி நடந்து, கைகளையும் சுருக்கங்களையும் தேட ஆரம்பித்துவிடுகிறேன்.

அந்த நெம்புகோலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சாதாரண முறையில் ஒரு படம் எடுத்து, நெம்புகோலை இழுத்து, இன்னொன்று எடுத்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே படமாகச் சேர்த்துவிடும். இதை வேடிக்கை என்றுதான் முதலில் தள்ளி வைத்திருந்தேன். அப்பர் டிக்சன் ரோட்டில் ஒரு முடிதிருத்துக் கடை. கண்ணாடி முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த பையன் ஒரு பாதி. அவன் பின்கழுத்தில் கத்தி பிடித்த பெரியவரின் விரல்கள் மறுபாதி. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சுமாரான படங்கள். சேர்ந்து நின்றபோது, ஒருவன் தன் கழுத்தை இன்னொருவரிடம் நம்பி ஒப்படைத்திருக்கும் செய்தி வந்துவிட்டது. இப்போது ஒருவரை எடுத்தவுடன் என் கண் தானாகவே மறுபாதியைத் தேடுகிறது. அவர் செருப்பு, அவர் சாப்பாட்டுத் தூக்கு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும் திசை. ஒரே ஒரு குறை. இரண்டும் அடுத்தடுத்து எடுத்தவையாக இருக்க வேண்டும் என்பதால் நடுவில் வேறெதையும் எடுக்கக் கூடாது. செயலியில் பிறகு சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது, ஆனால் வீட்டில் உட்கார்ந்து ஜோடி சேர்க்கும்போது என் மூளை அழகான பொருத்தங்களை மட்டுமே தேடுகிறது. தெருவில் சேர்ந்தவைதான் உயிரோடு இருக்கின்றன.

வேண்டாதவற்றையும் சொல்ல வேண்டும். ஒளி கசிந்ததுபோல், காலாவதியான ஃபிலிம்போல் படத்தைக் காட்டும் ஃபில்டர்கள் இருக்கின்றன. நான் தொடுவதில்லை. ஒருவர் ஒரு வாரம் காத்திருந்து தன் முகத்தை வாங்கிப் பார்க்கும்போது அதன் குறுக்கே ஒரு செயற்கைச் சிவப்புக் கீற்று எதற்கு? பெரும்பாலான அமைப்புகளுக்குத் திரையைத் தடவித் தடவியே போக வேண்டியிருப்பதும் எனக்கு ஒத்துவரவில்லை. இந்த ஊர் ஈரக்காற்றில் விரல் எப்போதும் பிசுபிசுவென்று இருக்கும். மேலே துணைக்கருவிகளைச் செருகும் ஷூ என்ற பள்ளத்தில் மின் இணைப்பு கிடையாது, ஆகவே வெளி ஃபிளாஷ் பேச்சுக்கே இடமில்லை. உள்ளே இருப்பது எல்.இ.டி. விளக்கு. மேசைக்கு எதிரே இருப்பவரின் முகத்தை எட்டும், அதற்கு மேல் எட்டாது. பேட்டரிக்கு மட்டும் முழு மதிப்பெண். தரநிலைச் சோதனைக் கணக்குப்படி ஒரு சார்ஜில் 880 படங்கள். ஃபிலிம் முறையில் திரை பெரும்பாலும் தூங்குவதால் சார்ஜர் எங்கே வைத்தேன் என்பதே மறந்துபோகிறது.

யார் வாங்கலாம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஒரே கேமராதான் வைத்திருக்க முடியும் என்றால் இது வேண்டாம் என்பேன். கல்யாணத்துக்கு ஆகாது, ஓடும் குழந்தைகளுக்கு ஆகாது, பயணத்தில் மலையையும் கடலையும் எடுக்க ஆகாது. அச்செடுத்துக் கொடுக்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கும் இது வேண்டாம். கைப்பேசியிலேயே நெடுக்குப் படம் இதைவிடத் தெளிவாக வரும். ஒரே தெருவுக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்களுக்கு, ஒரே மனிதர்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

வரும் தைப்பூசத்துக்கு இதைக் கொண்டுபோவீர்களா என்று மன்னார்குடித் தம்பிகள் கேட்டார்கள். அவர்களில் ஒருவன் பால்குடம் எடுக்கிறான். சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் புறப்படும் ஊர்வலம் விடியும் முன்பே நகரத் தொடங்கிவிடும். இந்தக் கேமராவில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது, சென்சரும் சிறியது. அந்த இருட்டில் நடந்து வருகிறவனின் முகம் கலங்கிப் போகும். டேங்க் ரோடுவரை அவனோடு நடக்க என் பழைய பெரிய கேமராவைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். அங்குள்ள தண்டாயுதபாணி கோயிலில் பாலை இறக்கிவிட்டு அவன் வெளியே வரும்போது நன்றாக விடிந்திருக்கும். அப்போது எடுக்க எக்ஸ் ஹாஃப் பையில் இருக்கும், பிரோவியா, தேதி முத்திரையோடு.